சி நிரலில் ஆப்ஷன் படிப்பது: கெட்ஆப்ட் எங்கே நிற்கிறது, உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது

சி மொழியில் கமாண்ட் லைன் ஆப்ஷன்களை, கெட்ஆப்ட் என்ற நூலக ஃபங்ஷனை வைத்துப் படிக்கும் லூப் இருபது வரிக்குள் முடிந்துவிடும். அந்த இருபது வரியில் தப்பு வருவது குறைவு. தப்பெல்லாம் அதைச் சுற்றித்தான்: திரும்பி வந்த மதிப்பை எந்த வகை மாறியில் வைத்தீர்கள், "500" என்ற சரத்தை எப்படி எண்ணாக்கினீர்கள், வெளிக்கோப்பை எந்த நேரத்தில் திறந்தீர்கள். ஆகவே லூப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு மற்றதில் நேரம் செலவிடுவோம்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன நிரலை வைத்துக்கொள்வோம். பெயர் 'துண்டு'. பெரிய உரைக்கோப்பு ஒன்றை இத்தனை வரிக்கு ஒரு கோப்பு என்று வெட்டித் தரும். -என் 500 என்றால் ஐந்நூறு வரிக்கு ஒரு துண்டு. -ஓ பகுதி என்றால் வெளிக்கோப்புகளின் பெயர் 'பகுதி' என்று தொடங்கும். -வி என்றால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யும். (ஃபங்ஷன் பெயர்களையும் ஆப்ஷன் எழுத்துகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

மெயினுக்கு வந்து சேர்வது என்ன?

ஆர்க்சி என்ற எண், ஆர்க்வி என்ற சரங்களின் அணி. ஆர்க்வி[0] நிரலை அழைத்த பெயர், ஆர்க்வி[ஆர்க்சி] நல் பாயிண்டர். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மேற்கோள்களை நீக்குவது, நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, மாறிகளை இட்டு நிரப்புவது எல்லாம், கட்டளையை வாங்கி நிரலை ஓட்டும் ஷெல்லின் வேலை. உங்கள் நிரல் எழுந்திருக்கும் முன்பே அது முடிந்துவிட்டது. பயனர் மேற்கோள் போட்டாரா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள நிரலுக்கு வழியே கிடையாது.

இதில் ஒரு விளைவு உண்டு. ஸ்கிரிப்டில் -ஓ $பெயர் என்று மேற்கோள் இல்லாமல் எழுதி, அந்த மாறி காலியாக இருந்தால், அந்தச் சொல்லே மறைந்துபோகும். -ஓ தனக்கு அடுத்து நிற்கும் சொல்லை, அது என்னவாக இருந்தாலும், தன் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள் போட்டிருந்தால் வேறு கதை: மதிப்பாக ஒரு வெற்றுச் சரம் வரும். அது நல் பாயிண்டர் அல்ல, முதல் பைட்டே பூஜ்யமாக இருக்கும் சரம். எனவே கோப்புப் பெயர் வாங்கும் ஆப்ஷனில் நல்லா என்று மட்டும் பார்த்தால் போதாது. முதல் பைட்டையும் பாருங்கள்.

இன்னொன்று: ஆர்க்சி பூஜ்யமாகவும் இருக்கலாம். சி தரநிலை அதைத் தடுக்கவில்லை. நிரலை ஓட்டும் சிஸ்டம் காலான எக்ஸெக்-விஇ-யை வெற்று அணியோடு அழைத்தால் லினக்ஸில் நீண்ட காலம் அப்படித்தான் நடந்தது. 2022 ஜனவரியில் வெளியான பி.கே.எக்ஸெக் (இன்னொரு பயனரின் உரிமையில் கட்டளை ஓட்டும் நிரல்) பாதுகாப்புக் குறைபாட்டின் அடி அதுதான். ஆர்க்வியை 1-இலிருந்து படிக்கத் தொடங்கிய நிரல், அணி முடிந்ததைக் கவனிக்காமல் அதையொட்டி நினைவகத்தில் இருந்த சூழல் மாறிகளுக்குள் போய்விட்டது. அதன்பின் லினக்ஸ் கெர்னல் 5.18, வெற்று அணி வந்தால் ஒரு வெற்றுச் சரத்தை ஆர்க்வி[0] ஆக வைத்துவிடுகிறது. ஆனாலும் பிழைச்செய்தியில் ஆர்க்வி[0]-ஐ அச்சிடும் முன் ஆர்க்சி பூஜ்யமா என்று ஒரு வரி பார்ப்பதில் நஷ்டமில்லை.

கெட்ஆப்ட் லூப்

ஆர்க்வியைத் தானே நடந்து, எஸ்டிஆர்சிஎம்பி வைத்து ஒப்பிடும் லூப்பைப் பலர் எழுதுகிறார்கள். இரண்டே ஆப்ஷன் இருக்கும்வரை அது ஓடும். பிறகு ஒருவர் -வி -என் 500 என்பதைச் சேர்த்து -விஎன்500 என்று அடிப்பார். அது யூனிக்ஸ் மரபில் முற்றிலும் சரியான கட்டளை. இன்னொருவர் சிறுகோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பைக் கொடுக்க இரட்டைச் சிறுகோடு போடுவார். இவை எல்லாவற்றையும் கையால் எழுதினால் நீங்கள் கெட்ஆப்டையே மறுபடி எழுதியிருப்பீர்கள், கொஞ்சம் மோசமாக. அதன் மூலநிரலை ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1985-இல் டாலஸ் யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவில் விட்டுவிட்டது. அதை மறுபடி எழுத இன்று காரணம் எதுவும் இல்லை.

அழைக்கும் முறை எளிது. ஆர்க்சி, ஆர்க்வி, மூன்றாவதாக ஒரு சரம். அந்தச் சரத்தில் நீங்கள் ஏற்கும் எழுத்துகளை வரிசையாக எழுதி, மதிப்பு வாங்கும் எழுத்துக்குப் பின்னால் மட்டும் முக்காற்புள்ளி போடுங்கள். நம் 'துண்டு'க்கு: வி, என், முக்காற்புள்ளி, ஓ, முக்காற்புள்ளி. ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எழுத்து திரும்பி வரும்; ஆப்ஷன்கள் தீர்ந்ததும் -1 வரும். மதிப்பு ஆப்ட்ஆர்க் என்ற பாயிண்டரில் இருக்கும். அடுத்துப் படிக்க வேண்டிய இடம் ஆப்ட்இண்ட்-இல் இருக்கும். அது 1-இல் தொடங்கும். லூப் முடிந்ததும் ஆர்க்வி[ஆப்ட்இண்ட்] முதல் கடைசி வரை இருப்பவை கோப்புப் பெயர்கள்.

ஆப்ட்ஆர்க் சுட்டுவது ஆர்க்வியின் நினைவகத்தையே. நிரல் முடியும்வரை அது இருக்கும். அதை எஸ்டிஆர்டப் போட்டு நகலெடுக்கத் தேவையில்லை, ஃப்ரீ செய்யவே கூடாது.

திரும்பி வரும் மதிப்பை இன்ட் மாறியில் வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், 'எழுத்துதானே வருகிறது' என்று சார் மாறியில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எக்ஸ்86 கணினிகளில் சார் குறியுடையது, -1 அப்படியே -1 ஆக இருக்கும், நிரல் ஓடும். ஏஆர்எம் லினக்ஸில் சார் குறியற்றது. -1 அங்கே 255 ஆகிவிடும், ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது, லூப் முடியாது. மடிக்கணினியில் சோதித்துத் தேறிய நிரல் சின்ன ஏஆர்எம் போர்டில் போய்த் தொங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கம்பைல் ஆகும்போதே ஒரு தொல்லை வரலாம். ஜிசிசி கம்பைலரில் -எஸ்டிடி=சி11 என்று கண்டிப்பான தரநிலையைக் கேட்டால், யூனிஎஸ்டி ஹெடரில் கெட்ஆப்டின் அறிவிப்பு மறைந்துவிடும், ஏனென்றால் அது சி தரநிலையின் பகுதி அல்ல, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையின் பகுதி. ஆப்ட்ஆர்க் அறிவிக்கப்படவில்லை என்று பிழை வரும். சி11 என்பதை ஜிஎன்யு11 என்று மாற்றினால் சரியாகும். அல்லது ஹெடர்களுக்கு முன்னால் _போசிக்ஸ்_சி_சோர்ஸ் என்பதை 200809 என வரையறுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் இரண்டாவது வழியை எடுத்து, யூனிஎஸ்டி ஹெடர் மூலமாகவே கெட்ஆப்டைப் பெற்றால், போசிக்ஸ் நடத்தை கொண்ட கெட்ஆப்ட் கிடைக்கும். அதன் வேறுபாடுதான் அடுத்த விஷயம்.

வரிசை மாறினால்?

'துண்டு பதிவு.லாக் -வி' என்று ஒருவர் அடிக்கிறார். கோப்புப் பெயர் முன்னால், ஆப்ஷன் பின்னால். ஜிலிப்சியின் வழக்கமான கெட்ஆப்ட், ஆர்க்வியில் உள்ள பாயிண்டர்களை இடம் மாற்றி, ஆப்ஷன்களை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளும். -வி வேலை செய்யும். போசிக்ஸ் விதிப்படி முதல் கோப்புப் பெயரோடு ஆப்ஷன்கள் முடிந்தன. -வி என்பது இரண்டாவது கோப்பு. மேக்ஓஎஸ், பிஎஸ்டி, மசல் என்ற இன்னொரு சி நூலகம் ஆகியவற்றின் கெட்ஆப்ட் இப்படித்தான் நிற்கும். ஆக, ஒரே நிரல், ஒரே கட்டளை, இரண்டு கணினிகளில் இரண்டு விடை. லினக்ஸிலேயே போசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறி இருந்தால் நடத்தை மாறிவிடும்.

பெரும்பாலான நிரல்களுக்கு இடமாற்றம் வசதிதான். கூடவே கூடாத இடம் ஒன்று உண்டு: இன்னொரு கட்டளையை ஓட்டும் நிரல்கள். சூடோ, என்வ், டைம் போன்றவை. 'சூடோ எல்எஸ் -எல்' என்பதில் -எல் யாருடையது? எல்எஸ்-உடையது. இடம் மாற்றினால் சூடோ அதைத் தனதாக எடுத்துக்கொள்ளும். இத்தகைய நிரலில் ஆப்ஷன் சரத்தின் முதல் எழுத்தாகக் கூட்டல் குறியைப் போடுங்கள். முதல் கோப்புப் பெயரிலேயே ஜிலிப்சி நின்றுவிடும்.

தனிச் சிறுகோடு ஆப்ஷன் அல்ல. அது கோப்புப் பெயர்களோடு சேரும். ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படி என்பது மரபு, ஆனால் அந்த மரபை நடைமுறைப்படுத்துவது நீங்கள்தான், கெட்ஆப்ட் அல்ல. இரட்டைச் சிறுகோடு வந்தால் அதற்குப் பின் வருவது எதுவும் ஆப்ஷன் இல்லை. எதிர்மறை எண்ணைக் கோப்புப் பெயர் இடத்தில் வாங்கும் நிரல்களுக்கும் இதுவே வழி. இல்லையென்றால் -5 என்பது '5' என்ற ஆப்ஷனாகத்தான் தெரியும்.

-விஎன்500 போன்ற எழுத்துக் கொத்தில் மதிப்பு வாங்கும் எழுத்து எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கொத்தில் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அதன் மதிப்பு. 'டார் -சிஎஃப்வி' என்று அடித்தால் 'வி' என்ற பெயரில் ஆர்க்கைவ் உருவாவதற்குக் காரணம் இதுவே. உங்கள் நிரலிலும் -ஓவி பகுதி என்று அடித்தால் வெளிக்கோப்பின் பெயர் 'வி'. இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. -ஓ -வி என்று அடித்தால் '-வி' என்ற சொல்லே கோப்புப் பெயராகும். மதிப்பு கட்டாயம் என்று சொல்லிவிட்டால், அடுத்த சொல் இரட்டைச் சிறுகோடாக இருந்தாலும் கெட்ஆப்ட் எடுத்துக்கொள்ளும்.

நீண்ட பெயர்கள்

கெட்ஆப்ட்_லாங் ஜிஎன்யுவின் சேர்க்கை. கெட்ஆப்ட் ஹெடரில் இருக்கிறது. பிஎஸ்டிகளிலும் மசலிலும் கிடைக்கும். கூடுதலாக ஓர் ஸ்ட்ரக்ட் அணி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு உறுப்புகள்: பெயர், மதிப்பு வேண்டுமா என்பது, ஃபிளாக் பாயிண்டர், திருப்ப வேண்டிய எண். கடைசி வரி முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதை மறந்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது. தெரிந்த ஆப்ஷன்கள் எல்லாம் ஒழுங்காக ஓடவும் கூடும்; யாராவது தெரியாத ஆப்ஷனைக் கொடுக்கும்போது தேடல் அணியைத் தாண்டிப் போய் விழும்.

நான்காவது உறுப்பில் குறுகிய எழுத்தையே போட்டால் --அவுட்புட்டும் -ஓவும் ஒரே கேஸுக்கு வரும். குறுகிய வடிவம் இல்லாத ஆப்ஷன்களுக்கு ஈனம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) ஒன்றை 256-இலிருந்து தொடங்கி எண் கொடுங்கள். அப்போது எந்த எழுத்தோடும் மோதாது.

மூன்றாவது உறுப்பை நல்லாக விட்டுவிடுவதே என் பரிந்துரை. அதில் ஒரு முகவரி கொடுத்தால் நூலகமே அங்கே மதிப்பை எழுதிவிட்டுப் பூஜ்யத்தைத் திருப்பும். ஒரு வரி மிச்சம். ஆனால் அது இன்ட் பாயிண்டர். உங்கள் அமைப்பு மாறி பூல் வகையாக இருந்து, வகைமாற்றம் போட்டு வாயடைத்துவிட்டால், ஒரு பைட் இடத்தில் நான்கு பைட் எழுதப்படும். பக்கத்தில் இருக்கும் மூன்று கொடிகள் காரணமில்லாமல் அணைந்துபோகும். ஸ்விட்சில் ஒரு கேஸ் எழுதுவது இதைவிட மலிவு.

நீண்ட பெயர்களைச் சுருக்கி அடிக்கலாம் என்பது பலருக்கும் தெரியாது. வேறு எதோடும் குழம்பாதவரை --அவுட் என்றாலே --அவுட்புட் என்று எடுத்துக்கொள்ளப்படும். பயனருக்கு வசதி, உங்களுக்குக் கடன். யாரோ ஒருவர் ஸ்கிரிப்டில் --அவுட் என்று எழுதி வைத்திருப்பார்; அடுத்த பதிப்பில் நீங்கள் --அவுட்-டிர் என்று ஒன்றைச் சேர்ப்பீர்கள்; அன்றைக்கு அவர் ஸ்கிரிப்ட் 'எது என்று தெளிவில்லை' என்ற பிழையோடு நிற்கும். இதை அணைக்கும் சுவிட்ச் கெட்ஆப்ட்_லாங்கில் இல்லை. ஆகவே புதிய நீண்ட பெயர் சூட்டும்போது, இருக்கும் பெயர்களின் தொடக்கத்தோடு மோதுகிறதா என்று பாருங்கள். ஆவணத்தில் உதாரணம் தரும்போது முழுப்பெயரையே எழுதுங்கள்.

கெட்ஆப்ட்_லாங்_ஒன்லி என்றொரு தம்பியும் இருக்கிறான். ஒற்றைச் சிறுகோட்டோடு நீண்ட பெயரை ஏற்பான். கொத்தாக அடிப்பதோடு குழம்பும். பழைய கட்டளை ஒன்றோடு ஒத்துப்போகும் கட்டாயம் இருந்தாலொழியத் தொட வேண்டாம்.

விருப்ப மதிப்பு என்ற வம்பு

முக்காற்புள்ளி இரண்டு போட்டால், அல்லது ஸ்ட்ரக்டில் ஆப்ஷனல்_ஆர்கியுமென்ட் என்று எழுதினால், மதிப்பு இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நூலகம் அதை ஒட்டியிருந்தால் மட்டுமே எடுக்கும். குறுகிய வடிவில் எழுத்தோடு ஒட்டி, நீண்ட வடிவில் சமக்குறியோடு. --கலர்=ஆட்டோ என்பது சரி. --கலர் ஆட்டோ என்றால் ஆப்ட்ஆர்க் நல். 'ஆட்டோ' என்பது கோப்புப் பெயர். இதை நிரலாளர் இரண்டு விதமாகக் கோட்டை விடுகிறார்: நல் ஆப்ட்ஆர்க்கை நேரே எஸ்டிஆர்சிஎம்பிக்குக் கொடுத்து நிரலை விழச்செய்வது, அல்லது 'அடுத்த சொல் சிறுகோட்டில் தொடங்கவில்லை என்றால் அதுதான் மதிப்பு' என்று தானாக ஒரு விதி போடுவது. இரண்டாவது இன்னும் மோசம். '--கலர் பதிவு.லாக்' என்று அடித்தவரின் கோப்பைத் தின்றுவிடும்.

இதன் விலையைப் பார்க்க, கோப்பின் உரையை அங்கேயே மாற்றும் செட் கட்டளையின் -ஐ போதும். ஜிஎன்யு செட்டில் காப்பு நகலின் பெயரில் சேரும் பின்னொட்டு விருப்ப மதிப்பு, ஒட்டியே வரவேண்டும். மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி செட்டில் அது கட்டாய மதிப்பு. லினக்ஸில் எழுதிய 'செட் -ஐ' வரியை மேக்கில் ஓட்டினால், மாற்று விதியைப் பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, கோப்புப் பெயரை விதியாகப் படிக்கப் பார்க்கும். மறுபக்கம், ஜிஎன்யு செட்டில் -ஐ, -இ இரண்டையும் -ஐஇ என்று சேர்த்து அடித்தால், 'இ' பின்னொட்டாகி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் சேர்கிறது.

புதிய நிரலில் விருப்ப மதிப்பு வைக்காதீர்கள். --கலர் என்று ஒன்று, --கலர்-மோட் என்று மதிப்போடு ஒன்று. இரண்டு ஆப்ஷன், குழப்பம் பூஜ்யம்.

சரத்தை எண்ணாக்குவது

அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. கெட்ஆப்ட் தருவது சரம் மட்டுமே. அது எண்ணா என்று அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை.

ஏடிஓஐ வேண்டாம். 'ஐந்நூறு' என்று எழுத்தில் கொடுத்தாலும் பூஜ்யம், "0" கொடுத்தாலும் பூஜ்யம். "500அ" என்றால் 500. எல்லை தாண்டிய எண்ணுக்கு என்ன ஆகும் என்று தரநிலை உறுதி எதுவும் தரவில்லை. 'துண்டு'வில் -என் மதிப்பு பூஜ்யமானால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: வகுத்தல் பிழையோடு விழும், அல்லது முடிவேயில்லாமல் காலிக் கோப்புகளை உருவாக்கிக்கொண்டே போகும்.

எஸ்டிஆர்டிஓஎல் சரியானது, ஆனால் அதன் நான்கு சோதனைகளையும் செய்தால்தான். அழைக்கும் முன் எர்நோ என்ற பிழை எண் மாறியைப் பூஜ்யமாக்குங்கள். அந்த ஃபங்ஷன் தானாக அதைச் சுத்தம் செய்யாது, பழைய பிழை ஒட்டிக்கொண்டிருக்கும். அழைத்தபின் முடிவுப் பாயிண்டர் தொடக்கத்திலேயே நின்றால், ஓர் இலக்கம்கூட இல்லை. அது பூஜ்ய பைட்டில் நிற்கவில்லை என்றால் எண்ணுக்குப் பின்னால் குப்பை இருக்கிறது. எர்நோ ஈரேஞ்ச் ஆனால் லாங் வகைக்கே அடங்காத எண். நான்காவது சோதனையைத்தான் பலர் விடுகிறார்கள்: உங்கள் எல்லை. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், இன்ட் 32 பிட். 3000000000 என்று கொடுத்தால் எஸ்டிஆர்டிஓஎல் மகிழ்ச்சியாக ஏற்கும். அதை இன்டில் வைத்தால் வழக்கமான கம்பைலர்களில் -1294967296 ஆகும். விண்டோஸில் லாங்கே 32 பிட், அங்கே ஈரேஞ்ச் வரும். எல்லையைச் சோதிக்காமல் விட்டால் இரண்டிலும் வேறு வேறு தவறு.

அடிமானம் 10 என்று எழுதுங்கள். 0 என்று விட்டால் 'வசதியாக' பதினாறடிமான எண்ணும் ஏற்கப்படும், ஆனால் 010 என்பது 8 ஆகிவிடும். பூஜ்யம் முன்னால் வைத்து எண்களை ஒரே நீளத்துக்கு எழுதும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

குறியற்ற எண் வேண்டும் என்று எஸ்டிஆர்டிஓயுஎல்லுக்குப் போனால், அங்கே ஒரு பள்ளம்: அது கழித்தல் குறியை மறுக்காது. "-1" கொடுத்தால் 64 பிட் லினக்ஸில் 18446744073709551615 வரும், பிழை எதுவும் இல்லாமல். மாற்றுவதற்கு முன்னால் முதல் பைட் இலக்கமா என்று பார்த்துவிடுங்கள். அந்த ஒரே சோதனை கழித்தல், கூட்டல், முன்னிடைவெளி, வெற்றுச் சரம் எல்லாவற்றையும் வெளியே நிறுத்தும். ஐஸ்டிஜிட்டுக்கு அனுப்பும்போது அன்சைன்ட் சார் ஆக மாற்றி அனுப்புங்கள்.

10கே, 2எம் போன்ற அளவுகளை ஏற்கலாம். முடிவுப் பாயிண்டர் நிற்கும் எழுத்தைப் பார்த்துப் பெருக்க வேண்டியதுதான். பெருக்குவதற்கு முன்னால் மதிப்பு 'எல்லை வகுத்தல் 1024'-ஐ விடப் பெரிதா என்று பாருங்கள். பெருக்கியபின் பார்த்தால் ஏற்கனவே சுற்றிவந்திருக்கும். கே என்றால் 1024-ஆ 1000-ஆ என்பதை உதவிச் செய்தியில் எழுதுங்கள். ஜிஎன்யு ஹெட்டின் -சி ஆப்ஷனில் கே என்றால் 1024, கேபி என்றால் 1000. அதையே பின்பற்றினால் யாரும் புகார் சொல்லமாட்டார்கள்.

பின்ன எண்களுக்கு எஸ்டிஆர்டிஓடி. இது லோக்கேல் என்ற மொழி, நாட்டு அமைப்பைப் பார்க்கும். செட்லோக்கேல் அழைத்த நிரல் ஜெர்மன் அமைப்பில் ஓடினால், அங்கே தசமக் குறி காற்புள்ளி என்பதால், 0.5 என்பது 0 ஆகி, புள்ளி ஐந்து மிச்சமாக நிற்கும். ஆப்ஷன்களைப் படித்தபின் செட்லோக்கேல் அழைப்பது ஒரு வழி. இன்னும் நுட்பமானது: 'நான்' என்ற எண்ணல்லாத மதிப்பையும், முடிவிலியையும் இந்த ஃபங்ஷன் ஏற்கும். 'பூஜ்யத்தை விடக் குறைவா, ஒன்றை விட அதிகமா, அப்படியானால் பிழை' என்று எழுதினால் எண்ணல்லாத மதிப்பு இரண்டுக்கும் இல்லை என்று சொல்லி உள்ளே வந்துவிடும். மாற்றி எழுதுங்கள்: 'பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருந்தால் சரி, இல்லையென்றால் பிழை'.

படி, சரிபார், பிறகு செய்

லூப்புக்குள் எதையும் செய்யாதீர்கள். -ஓ வந்தவுடனே எழுதும் பாங்கில் ஃபைலைத் திறந்தால், அந்த நொடியே பழைய உள்ளடக்கம் காலி. அதற்கு அடுத்த ஆப்ஷன் தப்பென்று நிரல் நின்றால், எதுவும் செய்யாமலே பயனரின் கோப்பை அழித்திருப்பீர்கள். அமைப்புகளுக்கு ஒரு ஸ்ட்ரக்ட், இயல்பு மதிப்புகளோடு தொடங்குங்கள், லூப்பில் நிரப்புங்கள், லூப் முடிந்தபின் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, கோப்புப் பெயர் தேவையான எண்ணிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள், அதன்பின்தான் டிஸ்கைத் தொடுங்கள்.

ஒரே ஆப்ஷன் இரண்டு முறை வந்தால் கடைசி மதிப்பே வெல்லட்டும். ஷெல்லில் ஏலியஸ் வைத்திருப்பவர், அதில் உள்ளதை மீற இதையே நம்பியிருக்கிறார். -வி போன்றவற்றை எண்ணிக்கையாக வைத்தால் -விவிவி என்பதற்கும் பொருள் கிடைக்கும்.

கெட்ஆப்டின் நிலை உலகளாவிய மாறிகளில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு திரெட் அழைக்கக்கூடாது. துணைக்கட்டளைகளுக்காக இரண்டாம் முறை வேறொரு பட்டியலைப் படிக்க வேண்டுமானால், ஜிலிப்சியில் ஆப்ட்இண்டைப் பூஜ்யமாக்குங்கள். ஒன்றாக்கினால் சில நேரம் பழைய உள்நிலை மிஞ்சும். பிஎஸ்டி, மேக்ஓஎஸ்ஸில் ஆப்ட்ரீசெட், ஆப்ட்இண்ட் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். யூனிட் டெஸ்ட் எழுதுபவர்களுக்கு முதலில் இடறுவது இதுதான்: தனித்தனியாகத் தேறும், சேர்த்து ஓட்டினால் தோற்கும்.

பிழை சொல்வது

தெரியாத ஆப்ஷனுக்குக் கேள்விக்குறி திரும்பும். ஆப்ட்ஆப்டில் அந்த எழுத்து இருக்கும். ஆப்ஷன் சரத்தின் தொடக்கத்தில் முக்காற்புள்ளி போட்டால் நூலகம் வாயை மூடிக்கொள்ளும். மதிப்பு விடுபட்டால் கேள்விக்குறிக்குப் பதில் முக்காற்புள்ளியைத் திருப்பும். குறுகிய ஆப்ஷன்கள் மட்டும் உள்ள நிரலுக்கு இது நல்ல ஏற்பாடு. நீண்ட பெயர்கள் வந்துவிட்டால் நூலகத்தையே பேச விடுங்கள். தெரியாத நீண்ட பெயருக்கு ஆப்ட்ஆப்ட் பூஜ்யமாக வரும். அதை எழுத்தாக அச்சிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஜ்ய பைட். மதிப்பு வாங்காத --வெர்போஸுக்கு --வெர்போஸ்=3 என்று கொடுத்தாலும் அதே கேள்விக்குறிதான், ஆனால் ஆப்ட்ஆப்டில் 'வி' இருக்கும்; நீங்கள் 'வி என்ற ஆப்ஷன் தெரியாது' என்று பொய் சொல்வீர்கள். ஜிலிப்சி இவற்றைப் பிரித்துச் சொல்லும். அதற்குக் கீழே 'மேலும் அறிய --ஹெல்ப்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பயனர் --ஹெல்ப் கேட்டால் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதி 0-வோடு வெளியேறுங்கள். தப்பாக அடித்ததால் வரும் செய்தி ஸ்டாண்டர்ட் எரருக்கு, வெளியேறும் எண் பூஜ்யமல்லாதது. 1-ஐ விட 2 நல்லது: கிரெப்பில் 1 என்றால் 'கிடைக்கவில்லை', 2 என்றால் 'கோளாறு'. இந்தப் பிரிவை ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் நம்புகிறார்கள். பிஎஸ்டி மரபினர் 64 போடுவார்கள். கேள்விக்குறியையே உதவி ஆப்ஷனாக வைக்காதீர்கள். பிழையிலிருந்து பிரிக்க முடியாது, சில ஷெல்கள் அதைக் கோப்புப் பெயர் வடிவமாகவும் விரிக்கப் பார்க்கும்.

சில உதிரிகள்

கடவுச்சொல்லை ஆப்ஷன் மதிப்பாக வாங்காதீர்கள். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் பிஎஸ் கட்டளை போடும் எவரும் பார்க்கலாம், ஷெல் வரலாற்றிலும் தங்கும். ஆர்க்வியை உடனே அழித்தாலும் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தே தீரும். கோப்பிலிருந்தோ ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்தோ படியுங்கள்.

தமிழ் எழுத்தை ஆப்ஷனாக வைக்கலாமா? குறுகிய வடிவில் முடியாது. கெட்ஆப்ட் பைட் பைட்டாகப் பார்க்கிறது. யூடிஎஃப்-8-இல் 'அ' மூன்று பைட். -அ என்று அடித்தால் மூன்று தனித்தனி 'தெரியாத ஆப்ஷன்' செய்திகள் வரும், ஒவ்வொன்றிலும் உடைந்த எழுத்து. நீண்ட பெயராகத் தமிழ் வைத்தால் வேலை செய்யும், அங்கே நடப்பது பைட் ஒப்பீடுதான். ஆனால் தட்டச்சு முறையைப் பொறுத்து 'கொ' போன்ற உயிர்மெய்யின் உயிர்க்குறி ஒரே குறியாகவோ இரண்டு குறிகளாகவோ வரலாம்; பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு. மதிப்புகளில் இது பெரிய சிக்கல் இல்லை; பெயர்களில் தவிர்க்கலாம்.

ஆயிரக்கணக்கான கோப்புப் பெயர்களை எதிர்பார்க்கும் நிரலுக்கு எல்லை உண்டு. லினக்ஸில் ஒரு சரம் 128 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. சூழல் மாறிகளையும் சேர்த்த மொத்தம் ஸ்டாக் எல்லையில் கால்பங்கு, அதாவது வழக்கமான 8 எம்பிக்கு 2 எம்பி. பட்டியலைக் கோப்பிலிருந்து படிக்க ஓர் ஆப்ஷன் வைப்பது தீர்வு.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு கெட்ஆப்ட் வராது, விண்டோஸுக்கான ஜிசிசி தொகுப்பான மிங்டபிள்யூவில் உண்டு. அங்கே நட்சத்திரக் குறியை ஷெல் விரிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆப்ஷன் படிக்க ஜிலிப்சியில் உள்ள இன்னொரு வசதியான ஆர்க்பி உதவிச் செய்தியைத் தானே தயாரிக்கும், நல்ல வேலைப்பாடு. ஆனால் ஜிலிப்சியை விட்டு நகர்ந்தால் கூடவே சுமக்க வேண்டும்.

கடைசியாக, வெளியிடும் முன் இந்தக் கட்டளைகளை ஓட்டிப் பாருங்கள், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து:

துண்டு
துண்டு -என்
துண்டு -என் 0 பதிவு.லாக்
துண்டு -என் 500அ பதிவு.லாக்
துண்டு -என் 99999999999999999999 பதிவு.லாக்
துண்டு -விஎன்500 பதிவு.லாக்
துண்டு -ஓ "" பதிவு.லாக்
துண்டு --அவுட்புட்= பதிவு.லாக்
துண்டு --தெரியாதது பதிவு.லாக்
துண்டு --வெர்போஸ்=3 பதிவு.லாக்
துண்டு பதிவு.லாக் -வி
துண்டு -- -வி

கடைசி வரி '-வி' என்ற பெயருள்ள கோப்பைத் தேட வேண்டும். அது இல்லையென்றால் வரும் பிழைச்செய்தியில் ஆப்ஷன் என்ற பேச்சே இருக்கக்கூடாது. 'கோப்பு இல்லை' என்றுதான் வரவேண்டும்.